ஏகாதசியன்று முகர்ந்த விஸ்கி

சனிக்கிழமை காலை ஆறே கால். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டியில் ஏறினேன். முப்பத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். தோள்பையில் இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூறு மில்லி ஸ்காட்ச் விஸ்கி. ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவன் பையில் இருக்க வேண்டிய பொருள் அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கோயில் பார்க்கக் கிளம்பவில்லை. ஒரு மூக்கை இரவல் வாங்கக் கிளம்பினேன்.

விவரம் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருடமாக ஒரு காப்பிக் கம்பெனியில் ருசி பார்ப்பவனாக இருக்கிறேன். பழனி மலையின் கீழ்ச்சரிவுத் தோட்டங்களிலிருந்து வருகிற காப்பியை வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் சர்ரென்று உறிஞ்சித் துப்பி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் தோட்டக்காரருக்கு விலை. பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் கொண்டு போய்விட்டது. இனிப்பு, உப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் மூக்கின் வேலை, அது நின்றுவிட்டது. மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கொட்டையின் நிறத்தையும் பருமனையும் பார்த்து, தோட்டத்தின் பெயரைப் பார்த்து, பழைய ஞாபகத்தில் எல்லோருக்கும் எண்பத்திரண்டு போட்டுக் காலத்தை ஓட்டினேன். எண்பத்திரண்டு யாரையும் சந்தோஷப்படுத்தாது, யாரையும் சண்டைக்கும் இழுக்காது.

இப்போது முதலாளிக்குப் புதிதாக ஓர் ஆசை. வெளிநாட்டில் வைன் வைத்திருந்த பழைய மரப்பீப்பாய்களை வாங்கி, அதில் பச்சைக் காப்பிக்கொட்டையை ஊற வைத்து, அந்த மணத்தோடு விற்க வேண்டுமாம். பீப்பாய் என்ன செய்யும் என்று எனக்குப் புரிவதற்காக விஸ்கியை அனுப்பினார். முதல் புட்டியில் இருப்பது இருபத்தைந்து வருடம் பழுத்த விஸ்கி, கடைசி இரண்டு வருடம் சிவப்பு வைன் பீப்பாயில் கிடந்தது. இரண்டாவது அதே ஊர், அதே வடிசாலை, ஆனால் வைன் பீப்பாயைப் பார்க்காதது. இரண்டும் பீட் புகை போட்டவை. பீட் என்றால் சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் காலங்காலமாக மக்கி இறுகிய மண். அதை வெட்டிக் காய வைத்து எரித்து, அந்தப் புகையில் முளைவிட்ட பார்லியை உலர்த்துவார்களாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அறிக்கை தர வேண்டும்.

திங்கட்கிழமைக்கு இன்னொரு பதிலும் பாக்கி இருந்தது. தாண்டிக்குடியில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் செல்வராணி முந்தின நாள் மாலை போன் செய்தார். இரண்டு பருவமாகத் தன் காப்பிக்கு எண்பத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை, செடியை எடுத்துவிட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கலாம் என்று வீட்டில் முடிவு, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். காய்ச்சலுக்கு முந்தைய பருவத்தில் அதே தோட்டத்துக்கு நான் எண்பத்தெட்டு போட்டிருந்தேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஏழரைக்குத் திண்டுக்கல். திருச்சி வண்டி தயாராக நின்றது. நூறு கிலோமீட்டர், தொண்ணூற்றைந்து ரூபாய். ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வெயில் அடித்தது. மறுபக்கம் மாறினேன், முன் சீட்டுக் கம்பி முட்டியில் இடித்தது. மூன்றாவது இடத்துக்கு மாறியபோது கண்டக்டர், சார் ஒரு இடமா உட்காருங்க என்றார். பயணத்தில் நான் இப்படித்தான், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல். போதாக்குறைக்கு எதைக் கண்டாலும் முகர்ந்து பார்க்கும் வியாதி வேறு. பஸ் ஸ்டாண்டில் டீசல், ஆரஞ்சுத் தோல், அடுத்தவர் தலையில் மல்லிகை. பூட்டின கடைக் கதவைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன்.

வடமதுரையில் ஏறியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலடியில் ஒரு பை தக்காளி. காட்டூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம், பேரனுக்குக் காது குத்து.  பிறகு மூக்கைச் சுருக்கினார். என் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். ஆஸ்பத்திரிக்கா போறீங்க? டிஞ்சர் பாட்டில் எதுவும் உடைஞ்சு போச்சா பாருங்க."

பையில் கையை விட்டேன். துண்டு சொதசொதவென்று நனைந்திருந்தது. வைன் பீப்பாய்ப் புட்டி பத்திரமாக இருந்தது. மற்றதன் மூடி தளர்ந்து பாதி வடிந்துவிட்டது. என் மடியிலேயே வடிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்திலும் உள்ளே ஒரு திருட்டு மூளை விழித்துக்கொண்டது. ஆமாம், மருந்துதான் என்று சொல்லிவிட்டு, வேறு என்ன வாசனை வருகிறது உங்களுக்கு என்று கேட்டேன். கேள்வி அவருக்கு வினோதமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனுஷர், கண்ணை மூடி யோசித்தார். டிஞ்சர், அப்புறம் மழையில் நனைந்த அடுப்புச் சாம்பல், கொஞ்சம் கருவாடு என்றார். அய்யலூர் தாண்டுவதற்குள் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்று வருட அனுபவஸ்தன் தக்காளிப் பைக்காரரைக் காப்பியடித்தேன்.

ஒன்பது மணிக்கு மணப்பாறை. வண்டிக்குள் முறுக்குப் பாக்கெட்டோடு ஏறினார்கள், பத்து முறுக்கு ஐம்பது ரூபாய். வாங்கிக் கடித்தேன். மொறுமொறுப்பும் உப்பும் இருந்தன. சீரகம் இருந்ததா என்று தெரியாது. தக்காளிக்காரருக்கு இரண்டு கொடுத்தேன். அவர் இன்னொரு பாக்கெட் பேரனுக்கென்று வாங்கினார், அதிலிருந்து நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகித்தேன்.

ஒன்பதே முக்காலுக்குத் திருச்சி பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஸ்ரீரங்கம் டவுன் பஸ், பதினைந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். பாலக்கரை, காந்தி மார்க்கெட், சத்திரம் என்று நின்று நின்று போனது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் இடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், நானும் சபை மரியாதைக்குப் பொத்தினேன். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. மாசி மாதம், மணல்தான் அதிகம், ஓரமாக ஒரு நீர்க்கோடு. பத்தே முக்காலுக்கு அம்மா மண்டபத்தில் இறங்கினேன்.

ராகவனின் ஃப்ளாட் அந்தச் சாலையிலேயே இரண்டாவது மாடி. நாங்கள் இருவரும் கம்பெனியில் ஒரே வாரம் சேர்ந்தவர்கள். இருபது வருடம் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று உறிஞ்சித் துப்பியிருக்கிறோம். எங்கள் வட்டாரத்தில் அவர் மூக்குக்கு நிகர் இல்லை என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் முட்டிவலி என்று வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு சொந்த ஊர் வந்துவிட்டார். மதுவைத் தொட்டதே இல்லை. விஸ்கியைச் சேர்ந்து ருசி பார்க்கலாமா என்று போனில் கேட்டபோது, ஏகாதசியன்று வரச் சொன்னவர் அவரேதான். ருசி பார்க்கிறவன் வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும், ஏகாதசிக்கு நான் எப்படியும் பட்டினி, மூக்கு தீட்டினது மாதிரி இருக்கும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பார்லி தானியம், ஏகாதசிக்குத் தானியம் ஆகாது, அதனால் வாயில் வைப்பேன், விழுங்க மாட்டேன் என்றார். விஸ்கியில் அவருக்கு ஆட்சேபம் பார்லி மட்டும்தான் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கதவைத் திறந்தது வேதவல்லி மாமி, ராகவனின் மனைவி. வாங்கோ முருகேசன் என்றவர், என் பையைத் தாண்டிக் காற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெருமாள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் கூடாது என்று முன்பே உத்தரவாம். ராகவன் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு ஸ்டூல், மூன்று கண்ணாடி டம்ளர், துப்ப ஒரு பிளாஸ்டிக் மக். தூரத்தில் ராஜகோபுரத்தின் உச்சி தெரிந்தது.

பதினொன்றரை. எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. மூன்று கோப்பை வைப்போம். இரண்டில் ஒரே சரக்கு, மூன்றாவதில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். ராகவன் இரண்டு புட்டிகளையும் வாங்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் ஊற்றிக்கொண்டு வந்தார். முதலில் நீங்க என்றார். நான் தடுமாறினேன். நீங்கள் பாருங்கள், பிறகு நான் என்றேன். விருந்தாளிதான் முதலில் என்று டம்ளரை நகர்த்தினார்.

முதல் டம்ளரை மூக்கருகில் வைத்தேன். சுரீரென்று ஒரு எரிச்சல், அவ்வளவுதான். ஒரு வாய் எடுத்தேன். நாக்கில் தீ, பிறகு லேசான இனிப்பு, தொண்டையில் சூடு. இரண்டாவது, மூன்றாவது. பயம் வந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் கூடுதலாக இனித்தது போலிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டுதான் வைன் பீப்பாய் என்றேன். ஆரம்பித்தால் நிற்கவில்லை. டிஞ்சர், நனைந்த சாம்பல், கருவாடு என்று தக்காளிக்காரர் சொன்னதை முதலில் இறக்கினேன். பிறகு முதலாளி அனுப்பிய தாளில் படித்தது அத்தனையும். உலர்ந்த அத்தி, கருப்புச் செர்ரி, ஏலக்காய், பழைய தோல்.  வெயில் ஸ்டூலின் ஒரு காலைத் தொடும்வரை பேசினேன்.

"மூணுமே ஒரே புட்டி, முருகேசன்" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. மூன்று டம்ளரிலும் வைன் பீப்பாய் விஸ்கியைத்தான் ஊற்றியிருக்கிறார். இரண்டாவதன் கூடுதல் இனிப்பு நானே போட்டுக்கொண்டது. முகம் சூடேறியது. இப்படி என்னைக் குழியில் தள்ளியிருக்க வேண்டாம், கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று கோபமாகச் சொன்னேன். சொல்லியிருக்க மாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

"போன்ல பத்து நிமிஷம் அந்த விஸ்கியைப் பத்திப் பேசினேளே, அப்பவே தெரிஞ்சுது. மூக்கு இருக்கறவன் ரெண்டு வார்த்தையில நிறுத்திடுவான்."

அப்படியானால் நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள், இரண்டு புட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த வேலையைச் சொல்லியாகிவிட்டது. வெட்கம் கொஞ்சம் குறைந்தது. ராகவன் டம்ளரைத் தொடவில்லை. வேட்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் வேலையை விட்டது முட்டிவலியால இல்லை. எனக்கு மூக்கு உங்களுக்கு முன்னாடியே போயிடுத்து. கடைசி ரெண்டு வருஷம் உங்க முகத்தைப் பாத்துதான் மார்க் போட்டேன். உங்க புருவம் ஏறினா எண்பத்தஞ்சு."

இருபது வருடம் பக்கத்தில் நின்றவர். அவர் எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போகும்போதெல்லாம், ராகவனே சொல்லிவிட்டார் என்று நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து எழுதியதை நான் அவரைப் பார்த்து நம்பியிருக்கிறேன். திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது. நேரில் வரவழைத்தது ஏன் என்று மட்டும் கேட்டேன். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை என்றார். ஆக, இருபத்தைந்து வருடம் பழுத்த விஸ்கி எதிரில் இருக்க, முகரத் தெரியாத இரண்டு நிபுணர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து கைப்பிடிச் சுவர்வரை போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன்.

அப்போதுதான் மாமி துணி எடுக்க மேலே வந்தார். படியில் கால் வைத்ததுமே குரல் வந்தது.

"ஏன்னா, என்னத்தை எரிக்கறேள்? ஈர வரட்டியைப் போட்டுக் கொளுத்தினாப்பல இருக்கு."

பிறகு கொடியில் இருந்த புடவையை மடித்தபடியே, அதுக்கு அடியில பன்னீர் திராட்சை நசுங்கிக் கிடக்கிற மாதிரி ஒண்ணு, ரொம்ப நாள் திறக்காத மரப்பெட்டி மாதிரி ஒண்ணு என்றார். நான் சட்டென்று மற்றப் புட்டியைத் திறந்து தள்ளி நின்றே காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இதுல திராட்சை இல்லை, வரட்டிதான் என்றார். மாமிக்கு முன்தின இரவிலிருந்து துளசியும் தண்ணீரும் மட்டும். அந்தப் பசி மூக்கைத் தீட்டித்தான் வைத்திருந்தது, ராகவன் சொன்னது சரி, ஆள்தான் வேறு.

"அந்த டம்ளரெல்லாம் இனிமே ஆத்துல சேக்கப்படாது. போறச்சே கொண்டு போயிடுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அறிக்கை முழுதாகக் கையில் வந்துவிட்டது. புகை, திராட்சை, பழைய மரம். வைன் பீப்பாய் கொடுத்தது திராட்சை. நாலு வரியில் இதைவிடச் சுத்தமாக யாராலும் எழுத முடியாது. நோட்டில் எழுதினேன். ராகவன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பேரைப் போட்டு அனுப்பிவிடுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது, நான் இரண்டு வருடம் ஓட்டவில்லையா என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் நோட்டை மூடினேன். நான் ஓட்டிய இரண்டு பருவத்தில் செல்வராணி என்ன இழந்தார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றரைக்கு மாமி எனக்குப் பழமும் பாலும்தான் தந்தார். வீட்டில் அன்று தளிகை இல்லை. டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ராகவன் வாசல்வரை வந்தார். அடிக்கடி வாங்கோ என்றார், நானும் வருகிறேன் என்றேன். இருவரும் மற்றவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

நேரே பஸ்ஸுக்குப் போகாமல் ராஜகோபுரம்வரை நடந்தேன். ஏகாதசிக் கூட்டம், துளசி மாலைக்காரர்கள், செருப்பு வைக்க இடம் தேடும் குடும்பங்கள். உள்ளே போகலாமா என்று இரண்டு முறை செருப்பைக் கழற்றி மாட்டினேன். தோளில் விஸ்கி ஊறின பையோடு போக மனம் வரவில்லை. எதிர்க் கடையில் ஒரு காப்பி வாங்கினேன், பதினெட்டு ரூபாய். சூடாக இருந்தது, சர்க்கரை சரியாக இருந்தது, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டபராவைத் திருப்பி வைத்தார்.

"என்னங்க இது, நேத்து டிகாஷனா? வேற போடுங்க."

கடைக்காரர் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே வேறு போட்டார். என் காலி டபராவைப் பார்த்தேன். அந்த ஆட்டோக்காரர் என் இடத்தில் இருந்திருந்தால் தாண்டிக்குடிக்கு நியாயம் கிடைத்திருக்கும். இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்த நேரம் வேறு இல்லை.

மூன்று மணிக்கு டவுன் பஸ், அதே இருபது ரூபாய். நாலு மணிக்கு முன்பே பஞ்சப்பூர். என் ஊருக்கும் போன ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று வழக்கமாக ஊர் திரும்பும்போது யோசிப்பேன். அன்று தோன்றியது ஒன்றுதான். இங்கே தக்காளிக்காரர், மாமி, ஆட்டோக்காரர் என்று எல்லோருமே மூக்கிலும் வாயிலும் பட்டதை அப்படியே சொல்கிறார்கள், எங்கள் மேஜையில்தான் யாரும் சொல்லவில்லை. திண்டுக்கல் வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. ஏறி உட்காரவில்லை. முதலாளிக்கு அடிக்கலாம் என்று போனை எடுத்தேன். விரல் செல்வராணி பேருக்குப் போனது.

இரண்டாவது மணியில் எடுத்தார். சொல்லுங்க சார் என்றார். சுற்றி வளைக்க முடியவில்லை. பதினான்கு மாதமாக எனக்கு வாசனை தெரியாது, உங்கள் காப்பிக்கு இரண்டு பருவமாக நான் போட்ட மார்க் குடித்துப் பார்த்துப் போட்டது அல்ல, திங்கட்கிழமை இதை முதலாளியிடமும் சொல்லப் போகிறேன் என்றேன்.   

"அப்ப எங்க காப்பி நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அதுவும் ஒரு எண்பத்திரண்டுதான்.

"தெரியலைம்மா. எனக்குத் தெரியாது. வேற ஆளை வெச்சுப் பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் செடியை எடுக்காதீங்க."

 கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன், அதற்குத்தான் கூப்பிட்டதே. ஆனால் அவர் குரல் சாதாரணமாகத்தான் வந்தது, ஏதோ முக்கியமில்லாத விஷயத்தைச் சொல்வது போல.

"மேல் ரெண்டு ஏக்கர் நேத்து காலையிலயே எடுத்தாச்சுங்க சார். உங்ககிட்ட கேட்டது மிச்சம் ரெண்டுக்குத்தான்."

கண்டக்டர் திண்டுக்கல், திண்டுக்கல் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, திங்கட்கிழமை செடி எடுக்க ஆளுங்க வர வேண்டாம்னு சொல்லிரு என்று சொன்னது கேட்டது.